குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, சொந்த ஊர் கோபி, காங்கேயம், பொள்ளாச்சி, திருச்செங்கோடு என்று கொங்கு நாட்டில் ஏதோ ஒரு பக்கம். இப்படி இருக்கிற சின்ன வயசுப் பெற்றோர் காலாண்டு லீவு, பொங்கல், மே மாசம் நெருங்கும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு. நடுவில் ஒரு பாட்டி கேட்டதும் இருக்கிறது.

நாலு நாள் லீவு. ரெண்டு பக்கமும் சேர்த்து ஏழெட்டு வீடு. எப்படிச் சமாளிப்பது?

ஏழெட்டு வீட்டுக்கும் போக வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வீடு, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவது என்று ஒன்று கிடையாது. செருப்பைக் கழற்றும்போதே சொம்பில் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் காப்பி, முறுக்கு. கிளம்புகிறோம் என்று எழுந்தால் "கை நனைக்காமப் போனா எப்படிங்க?" என்று இலை போட்டுவிடுவார்கள். பெரியவர்கள் பேருக்கு நாலு வாய் சாப்பிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். குழந்தைக்கு முதல் வீட்டில் மிக்சர், இரண்டாவது வீட்டில் பாட்டில் ஜூஸ், மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது தூக்கம் கெட்டு ஒரே அழுகை. அந்த மூன்றாவது வீட்டுக்காரர்கள் வருஷம் பூராவும் ஞாபகம் வைத்திருப்பது அந்த அழுகையை மட்டும்தான்.

இதற்கு வழி, எல்லாரையும் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வரவைப்பது. ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே அப்பாரிடமோ (அப்பா வழித் தாத்தா) அப்பிச்சியிடமோ (அம்மா வழித் தாத்தா) சொல்லி, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் நம்ம தோட்டத்துக்கு வந்துருங்க, பசங்க வர்றாங்க" என்று போன் போடச் சொல்லுங்கள். அழைப்பு பெரியவர் வாயிலிருந்து வரவேண்டும், அதுதான் முக்கியம். நீங்களே கூப்பிட்டால் "இவங்க வரமாட்டாங்களாம், நாம போகோணுமாம்" என்று ஆகிவிடும். ஒரே சமையல், ஒரே பந்தி. பெரியம்மா, சித்தப்பா, அத்தை மக்கள் எல்லாரும் அங்கேயே குழந்தையைப் பார்த்துவிடுவார்கள். குழந்தைக்குத் தூக்கம் வந்தால் உள் ரூமில் தூளி தயாராக இருக்கும்.

அதற்குப் பிறகும் கட்டாயம் போக வேண்டிய வீடுகள் இரண்டு வகை. ஒன்று, நடமாட முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடு. இன்னொன்று, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் துக்கம் நடந்த வீடு. விருந்துக்கு வராததை மன்னித்துவிடுவார்கள், துக்கம் விசாரிக்க வராததை மன்னிக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்குக் குழந்தை வேண்டாம். ஒருவர் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள, மற்றவர் காலையில் வெள்ளென போய்ப் பேசிவிட்டு வரலாம்.

முதலில் யார் வீட்டுக்குப் போவது? டிக்கெட் போடுவதற்கு முன்பே வீட்டில் சண்டை.

பொங்கல் அப்பாரு வீட்டில், ஆடி அப்பிச்சி வீட்டில் என்று பிரித்துக்கொண்ட குடும்பங்களில் இந்தச் சண்டை குறைவு. ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைப்பது ஏற்கெனவே இருக்கிற வழக்கம்தானே, அதை அப்படியே நீட்டிக்கொள்வது. மே மாசத்தை ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று மாற்றிக்கொள்ளலாம்.

எப்படிப் பிரித்தாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். சம்பந்தி வாயிலிருந்து தெரிந்துகொள்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேசுவதும் நல்லது. மருமகள் சொன்னால் முடிவு மருமகளுடையது ஆகிவிடும்.

ரயிலா, காரா, பஸ்ஸா?

ரயில்தான். சென்னையிலிருந்து கோவை ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பெல்ட்டுக்குள் இரண்டு வயசுக் குழந்தையை உட்காரவைப்பது லேசான காரியம் இல்லை.

கைக்குழந்தை என்றால் இரவு ரயில் நல்லது. சேரன், நீலகிரி, ஏற்காடு மூன்றில் உங்கள் ஊருக்கு எது வசதியோ அது. பெட்டி ஆடுகிற ஆட்டத்தில் குழந்தை தூங்கிவிடும். கீழ் பெர்த்தில் சுவர்ப் பக்கம் குழந்தை, வெளிப்பக்கம் அம்மா. நடக்கப் பழகிய குழந்தைக்கு நான் பகல் ரயில்தான் சொல்வேன். வந்தே பாரத் 2023 ஏப்ரலிலிருந்து ஓடுகிறது, ஏறக்குறைய ஆறு மணி நேரம், சேலம், ஈரோடு, திருப்பூரில் நிற்கும். கோவை எக்ஸ்பிரஸ் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும், ஆனால் காசு குறைவு, ஜன்னலில் காற்று வரும், கடலைக்காரர் வருவார். குழந்தைக்கு ஏசியை விட அதுதான் பிடிக்கிறது.

இரவு ரயிலில் உண்மையான கஷ்டம் பயணம் இல்லை, இறங்குவது. சேரனில் வந்தால் ஈரோடு வரும்போது விடிந்திருக்காது. திருப்பூரில் வண்டி நின்றதும் கிளம்பிவிடும். குழந்தை அப்போதுதான் அசந்து தூங்கும். ஒரு காலில் ஷூ இருக்கும், இன்னொன்று சீட்டுக்கு அடியில் எங்கோ. அதனால் இரவு படுக்கும்போதே ஷூவைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். சங்ககிரி தாண்டும்போதே பெட்டிகளை நடைபாதைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒருவர் கையில் குழந்தை மட்டும், மற்றவர் கையில் பெட்டி மட்டும். தனியாக வருகிற அம்மாக்கள் கோச் நம்பரையும் சீட் நம்பரையும் முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், யாராவது பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு சரியான இடத்தில் வந்து நிற்பார்கள். நம் ஊர் அப்பிச்சிகள் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் இருப்பவர்கள். கோச் நம்பர் தெரியாவிட்டால் பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அவர்கள்தான் ஓட வேண்டியிருக்கும்.

குழந்தைக்கு டிக்கெட் வேண்டுமா?

ரயிலில் ஐந்து வயது முடியாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். பெர்த் வேண்டும் என்று கேட்டு வாங்கினால் முழுக் கட்டணம். ஐந்து முடிந்து பன்னிரண்டு முடியாத குழந்தைக்கு பெர்த் இல்லாமல் அரை டிக்கெட், பெர்த்தோடு முழு டிக்கெட். 2016-லிருந்து இப்படித்தான். வந்தே பாரத், சதாப்தி மாதிரி உட்கார்ந்து போகும் வண்டிகளில் அந்த வயதுக்கு அரை டிக்கெட் என்ற பேச்சே இல்லை, முழுசாக எடுக்க வேண்டும்.

முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி 13 போகிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் நவம்பர் 14 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். குழந்தைகள் தினம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குத் தட்கலை நம்பி இருக்க வேண்டாம்.

அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை இலவசம், அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ஊருக்குள் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் கிடையாது. கார் இல்லாத அம்மாக்கள் குழந்தையோடு பக்கத்து டவுனுக்குப் போய்வர இதை விட வசதி இல்லை. கூட்டம் இல்லாத நேரமாக, காலை பத்து மணிக்கு மேல் ஏறுங்கள்.

காரில்தான் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

குழந்தை இருக்கை பின் சீட்டில். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போவது கூடவே கூடாது, ஏர்பேக் விரிந்தால் முதல் அடி குழந்தைக்குத்தான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். அபராதம் போடுகிறார்களோ இல்லையோ, நீங்கள் போட்டுவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறக்கி நடக்க விடுங்கள். பெங்களூர்க்காரர்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரமேற்றிய லாரிகளை விட்டு ஒதுங்கியே வாருங்கள், குழந்தை அழுதாலும் அங்கே ஓரம் கட்ட வேண்டாம். தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் பழனி போகும் ரோடுகளில், தாராபுரம் பக்கம், உடுமலைப் பக்கம், பாதயாத்திரை பக்தர்கள் இருட்டில் ஓரமாக நடந்துகொண்டிருப்பார்கள். அந்த வாரம் இரவில் கார் எடுக்காமல் இருப்பது உத்தமம்.

மலை ஏறினால் வாந்தி. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. ஏறுவதற்கு முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். கையில் போனைக் கொடுத்துக் குனியவைத்தால் ஐந்தாவது வளைவிலேயே சட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

ஊரில் மாமா பைக்கில் ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார்.

தோட்டத்து வண்டித் தடத்தில் மெதுவாக என்றால் சரி. ரோட்டுக்கு ஏறினால் விதி இருக்கிறது: 2023 பிப்ரவரியிலிருந்து ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை குழந்தைக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், வேகம் 40-க்குள். பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து ஒரு கையில் பிடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு மாமாவிடம் நேராகவே முடியாது என்று சொல்லலாம். அவருக்கு அன்றைக்கு மட்டும் முகம் வாடும்.

பேத்தி வருகிறாள், ரெண்டு வயசு. தோட்டத்து வீட்டில் என்ன எடுத்து ஒதுக்கி வைக்கோணும், சொல்லு சாமி?

நல்ல கேள்விங்க அம்மா. இதைக் கேட்கிற பாட்டிகள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

எல்லாரும் கிணற்றைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள், அது சரிதான். சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு என்றால், குழந்தை இருக்கிற அத்தனை நாளும் அந்தப் பக்கத்து வழியை முள்போட்டோ படல் கட்டியோ அடைத்துவிடச் சொல்லுங்கள். ஆனால் கிணற்றைப் பார்த்தால் பெரியவர்களுக்கே பயம் இருக்கும், ஒரு கண் இருக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டியையும், வாசலில் நிறைத்து வைக்கிற அண்டாவையும் யாரும் ஒரு ஆபத்தாக நினைப்பதில்லை. முழங்கால் அளவு தண்ணீர் போதும், தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது. தொட்டிக்கு மூடி, அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள்.

அடுத்தது களைக்கொல்லி, பூச்சி மருந்து. மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றித் திண்ணை மூலையில் வைத்திருப்பார்கள். அது இருக்கவே கூடாது. மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அய்யன் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தச் சுருக்குப் பை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கினால் அப்படியே கண்ணில் தெறிக்கும். பார்வையே போகிற காயம் அது. தெறித்துவிட்டால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் நல்ல தண்ணீரை விட்டுக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு கண் ஆஸ்பத்திரி. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை ஜன்னல் திண்டில் இருந்தால் அதையும் பீரோவுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். குழந்தைக்கு அது மிட்டாய்.

காங்கேயம் மாடு சாதுதான், கன்று போட்ட மாடு சாது இல்லை. அடைகாக்கிற கோழியும் அப்படித்தான், நேராகக் கண்ணைப் பார்த்துத்தான் வரும். நாயைக் கட்டிப் போடுங்கள்.

நாய் பல் பட்டுவிட்டது, வீட்டில் மஞ்சள் வைத்தால் போதும் என்கிறார்கள்.

போதாது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி. வீட்டு நாயாக இருந்தாலும், லேசான கீறலாக இருந்தாலும் இதேதான்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வாயால் உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கேதான் நிச்சயமாக இருக்கும். மந்திரிக்கிறவர் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போக நேரம் இல்லை.

வாய்க்காலில் குளிக்க வைக்கலாமா?

கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம், வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் விடுவார்கள். மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும், இழுவை உள்ளே இருக்கும். காங்கிரீட் போட்ட சரிவில் பாசி பிடித்திருந்தால் பெரியவர்களுக்கே கால் நிற்காது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலும் அப்படித்தான். சின்னக் குழந்தையை இறக்க வேண்டாம். தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது பைப்பில் கொட்டுகிற தண்ணீரில் நிற்கவையுங்கள், அதில் கிடைக்கிற சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை. கொடிவேரிக்குப் போனால் படிபோல் விழுகிற ஆழமில்லாத பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, வார நாளில்.

சாப்பாடு? பாட்டி எதையாவது ஊட்டிவிடுகிறார்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை தேன் கூடாது, நாக்கில் தொட்டுவைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கும். மலைத்தேன், சுத்தமான தேன் என்பதெல்லாம் இதில் சேர்த்தி இல்லை. இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மற்றபடி நம் ஊர்ச் சமையலில் குழந்தைக்கு ஏற்றது நிறைய இருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதத்தைத் தாளிப்பதற்கு முன்பே கொஞ்சம் எடுத்து, இன்னும் ஒரு தம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய் ஒரு ஸ்பூன். பத்து மாதக் குழந்தை தட்டைக் காலி செய்துவிடும். சந்தகையை (இடியாப்பம் மாதிரி பிழிவது) தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம். ராகிக் கூழ் உண்டு. பூவன்பழம் உண்டு. பள்ளிபாளையம் சிக்கன் இன்னும் நாலு வருஷம் பொறுக்கட்டும்.

பயப்பட வேண்டியது கடலைக்காயும் பொட்டுக்கடலையும். களத்தில் காயப் போட்டிருப்பார்கள், எல்லாரும் உரித்து வாயில் போட்டுக்கொண்டே பேசுவார்கள், குழந்தை கையிலும் இரண்டு வந்துவிடும். நாலு வயது வரை முழுக் கடலை மூச்சுக்குழாயில் அடைக்கும். உடைத்து அரைத்து உருண்டையாகக் கொடுங்கள். கிளம்பும்போது பெரியவர்கள் குழந்தையின் கையில் காசு வைத்து மூடுவார்களே, அது நாணயமாக இருந்தால் சிரித்துக்கொண்டே உடனே வாங்கிப் பையில் போடுங்கள்.

தண்ணீர் இன்னொரு விஷயம். நிறையத் தோட்டங்களில் போர் தண்ணீர் சப்பைத் தண்ணிதான், அதாவது உப்புத் தண்ணீர். குடிக்கவும் பால் கலக்கவும் நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தனிக் குடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், பேதி வந்தால்?

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காட்டினால் எந்த மருந்தும் கொடுத்துப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி. பெரிய குழந்தைக்கு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் எடைக்குத் தக்க பாராசிட்டமால் அளவைக் கேட்டு எழுதி மருந்து டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டு வாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அது தேவைப்படும்.

பேதிக்கு ஓஆர்எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, கண் உள்ளே போனாலோ, குழந்தை துவண்டாலோ காத்திருக்க வேண்டாம்.

எந்த மாதம் போனால் நல்லது?

மே மாதத்தில் கத்திரி 4-ஆம் தேதி தொடங்கி 28 வரை. கோவை, பொள்ளாச்சி தாங்கும். ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் மதியம் வெளியே தலைகாட்ட முடியாது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பல்லடம், உடுமலை பக்கம் குளுகுளு என்று இருக்கும், ஆனால் புழுதி. வீசிங் உள்ள குழந்தைக்கு இன்ஹேலரை மறக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது ஆடி முதல் தேதி. ஜூலை நடுவில் வரும், பள்ளிக்கூட லீவு இருக்காது, ஒரு நாள் லீவு போட்டாவது வரலாம். பவானி, சேலம், நாமக்கல், கரூர் பக்கம் அன்றைக்குத் தேங்காய் சுடுவார்கள். தேங்காயை நார் இல்லாமல் தரையில் தேய்த்து வழுவழுப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, உள்ளே பொட்டுக்கடலை, வெல்லம், எள், அவல் எல்லாம் திணித்து, அழிஞ்சிக் குச்சியில் குத்தி மஞ்சள் பூசித் தெரு வாசலில் மூட்டிய தீயில் வாட்டுவது. ஓடு கருகி வெடிப்பு விட்டதும் வருகிற வாசனைக்குத் தெருவே வெளியே வந்து நிற்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைப்பார்கள். நாலு வயசுக் குழந்தை குச்சியின் இந்தக் கோடியைப் பிடிக்கலாம், பின்னால் ஒரு பெரியவர் கை இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வெல்லம் நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும், ஆறவிட்டு ஊட்டுங்கள். ஆடிப்பெருக்குக்குத் தங்கினால் வேப்ப மரத்தில் தூரி (ஊஞ்சல்) கட்டியிருப்பார்கள். மடியில் வைத்து மெதுவாக ஆடலாம். ஆனால் பவானி கூடுதுறைக்கு அன்றைக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள், கூட்டம் அப்படி.

பொங்கல் என்றால் மாட்டுப் பொங்கலுக்கு டவுனில் இருக்காமல் தோட்டத்தில் இருக்கப் பாருங்கள். பட்டியில் சாணியால் கரை கட்டிச் சின்னதாகத் தெப்பக்குளம் செய்து தண்ணீர் விட்டு, பொங்கல் வைத்துக் கன்றை அதில் மிதித்துத் தாண்டவிடுவார்கள். குழந்தைக்கு அந்தக் குளம்தான் திருவிழா. அன்றைக்கு வெள்ளை டிரஸ் வேண்டாம்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஊட்டியும் பார்த்துவிடலாமா?

நாலு நாளில் வேண்டாம். ஒரு வாரம் இருந்தால் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பும், 46 கிலோமீட்டர் ஏறிப் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 208 வளைவு, 16 குகை, பல் சக்கரத்தில் ஏறும் என்ஜின், யுனெஸ்கோ பட்டியலில் 2005-ல் சேர்ந்தது. அப்பாக்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று வயசுக் குழந்தைக்கு மூன்றாவது குகையோடு ஆர்வம் தீர்ந்துவிடும். அதனால் பஸ்ஸிலோ காரிலோ குன்னூர் போய், குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மண் சரிந்து ரயிலை நிறுத்திவிடுவதும் உண்டு.

சொந்தக் காரில் நீலகிரிக்குள் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் வேண்டாம். பண்ணாரி, திம்பம், ஆசனூர் பக்கம் போனால் இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காராப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை நிற்கும். குழந்தைக்குக் காட்டுகிறேன் என்று கண்ணாடியை இறக்க வேண்டாம்.

இடம் மாறினால் குழந்தை தூங்குவதே இல்லை.

முதல் ராத்திரி தூங்காது, அது வழக்கம்தான். வீட்டில் போர்த்தும் அதே துணியைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள். கொசுவலை கட்டாயம். மதியத் தூக்கத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். "இப்பத்தான் வந்தோம், எழுப்புங்க, பாத்துட்டுப் போயிர்றோம்" என்று வருகிறவர்களைச் சமாளிக்க வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் மாமியார். அவரிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள். "தூங்குதுங்க அம்மிணி, இருங்க காப்பி வைக்கிறேன்" என்று அவர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

எல்லாரும் தூக்கி முத்தம் கொடுக்கிறார்கள். எப்படித் தடுப்பது?

மூன்று மாதக் குழந்தை என்றால் "டாக்டர் வேண்டாம்னுட்டாருங்க" போதும். டாக்டர் பெயருக்கு நம் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது. விவரம் தெரிந்த குழந்தை யாரிடமாவது போகமாட்டேன் என்றால் பிடித்துத் திணிக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்து அதுவாகவே போய் அவர் மீசையைப் பிடித்து இழுக்கும்.

திரும்பும்போது மூட்டை ஏறிவிடுகிறது. வேண்டாம் என்றால் கோபம்.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், முந்தின நாளே என்ன வேண்டும் என்று நீங்களே கேட்டுவிடுங்கள். "கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ரெண்டு கிலோ, தேங்காய் பத்து போதுங்க" என்றால் அதோடு முடியும். கேட்காவிட்டால் தேங்காய் முப்பது, வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு என்று டிக்கி மூடாது. தேங்காயை உரித்தே வாங்குங்கள், பாதி எடை குறையும். விமானத்தில் போகிறவர்கள் கொப்பரை எடுக்காதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் என்று விடமாட்டார்கள். நெய்யும் செக்கு எண்ணெயும் கைப்பையில் வேண்டாம், 100 மில்லிக்கு மேல் போகாது. நாட்டுக்கோழி முட்டை கொடுத்தால் தூக்குப்போசியில் அரிசிக்குள் புதைத்து, ரயிலில் காலடியில் வையுங்கள். மேலே வைத்தால் யாராவது பெட்டியை ஏற்றிவிடுவார்கள்.